முருங்கைக்கீரை எண்ணான கதை

காலையில் ஒடித்த முருங்கைக்கொத்து சாயங்காலத்துக்குள் வாடி உதிரத் தொடங்கிவிடும். சமைப்பவருக்கு அதில் பெரிய நஷ்டமில்லை. சத்தை அளக்க ஆய்வகத்துக்குப் போகிற கீரையென்றால் கதை வேறு. வாட வாட நீர் வற்றும். அதே நூறு கிராமில் இலை அதிகம் ஏறும். சத்தும் கூடியதுபோலத் தோன்றும். அதனால் வாங்கிய கையோடு ஐஸ் பெட்டிக்குள் போய்விடும். ஒரு கடைக் கீரையும் போதாது. பல சந்தைகளில் வாங்கிக் கலந்தால்தான் அந்த வட்டாரத்துக் கீரை என்று சொல்ல முடியும்.

ஆய்வகத்திலும் முதலில் நடப்பது அடுக்களை வேலைதான்: ஆய்ந்து, அலசி, துணியில் ஒற்றி ஈரம் எடுப்பது. காம்பு சேர்ந்தால் சத்தின் எண் இறங்கும். முட்டைக்கோஸில் தொல்லை இன்னும் அதிகம். பச்சையான வெளி மடல்களில் கரோட்டினும் கே வைட்டமினும் நிறைய. உள்ளே வெளுத்த மடல்களில் சொற்பம். கடைக்காரர் எத்தனை மடலை உரித்து எறிந்தார் என்பதிலேயே பாதி விடை முடிவாகிவிடுகிறது.

அடுத்து, வெளிச்சத்திடமிருந்து காப்பாற்ற வேண்டும். ஒளியும் காற்றும் கரோட்டினைச் சிதைக்கும். ஆகவே மஞ்சள் விளக்கு, பழுப்புக் கண்ணாடிக் குடுவை, நைட்ரஜன் வாயு. அரைத்த இலையை அசிட்டோன், ஹெக்சேன் போன்ற கரைப்பான்களில் குலுக்கினால் பச்சைச் சாறு இறங்கும். கொழுப்பில் கரையும் சத்தெல்லாம் அதில் வந்துவிடும், வேண்டாத பச்சையமும் கூடவே வரும். பச்சையத்தைக் கழிக்கப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஊற்றுவார்கள். கரோட்டின் அந்தக் காரத்தைத் தாங்கும்; கே வைட்டமின் தாங்காது. அதனால் ஒரே கீரை இரண்டாகப் பிரிந்து, இரண்டு வழியில் பயணப்படுகிறது.

பிறகு இரண்டுமே நிறப்பிரிகைக் குழாய்க்குள் நுழையும். இந்த முறை பிறந்ததே இலைச்சாற்றில்தான். வார்சாவில் பணியாற்றிய ரஷ்யத் தாவரவியலாளர் மிகைல் ஸ்வெட், சுண்ணாம்புத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றி, நிறங்கள் பட்டை பட்டையாகப் பிரிவதை 1906இல் எழுதினார். அவர் கண்ணால் பார்த்ததை இன்று கருவி பார்க்கிறது. கரோட்டின் 450 நானோமீட்டர் அளவிலுள்ள நீல ஒளியை விழுங்கும். கே வைட்டமினைத் துத்தநாகத் தூள் வழியாகச் செலுத்தினால் ஒளிரும். திரையில் எழும் முகட்டின் பரப்பை, அளவு தெரிந்த தூய பொருளின் முகட்டோடு ஒப்பிட்டால் எண் கிடைத்துவிடும்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய புத்தகத்தில், நூறு கிராம் முருங்கைக்கீரைக்குக் கரோட்டின் 6,780 மைக்ரோகிராம். நாட்டை ஆறு மண்டலங்களாகப் பிரித்து 528 உணவுகளைச் சோதித்து அதே நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் கரோட்டினில் ஒரு வகையான பீட்டா கரோட்டின் மட்டும் 17,000 மைக்ரோகிராமுக்கு மேல். இதற்கிடையில் கீரைக்குத் திடீரென்று சத்து ஏறிவிடவில்லை. மாதிரி எடுக்கும் விதமும் கருவியும் மாறின. இலையின் வயதும் ஊரும்கூட எண்ணை ஆட்டும். புதிய அட்டவணை சராசரிக்குப் பக்கத்திலேயே ஏற்ற இறக்கத்தையும் அச்சிடுகிறது. வாட்ஸ்அப்பில் கீரைப் பெருமை பரப்புவோர் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்!

அந்த எண்ணும் உடம்பில் அப்படியே சேர்வதில்லை. இப்போது பரவலாக எடுத்துக்கொள்ளும் கணக்கில், 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் 1 மைக்ரோகிராம் ஏ வைட்டமினுக்குச் சமம். கீரையில் கரோட்டின் இலைச் செல்லுக்குள் அடைபட்டுக் கிடப்பதால் இன்னும் குறைவாகவே கிடைக்கும் என்று இந்தோனேசியாவில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. எண்ணெய் விட்டு வதக்கினால் கொஞ்சம் கூடுதலாகச் சேரும்.

கே வைட்டமினின் எண் வேறோர் இடத்தில் உதவுகிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும் சத்து இது என்பதால், கீரையை அடியோடு நிறுத்தவும் வேண்டாம், திடீரென்று கூட்டவும் வேண்டாம். வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்கள்; மாற்றுவதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.