துஸுர்: ஆணியா, கயிறா?

திருமறையின் 54-ஆம் அத்தியாயமாகிய சூரத்துல் கமரில், நபி நூஹ் (அலை) அவர்கள் ஏறிச் சென்ற மரக்கலம் அல்வாஹும் துஸுரும் உடையது என்று சுட்டப்படுகிறது. கப்பல் என்னும் சொல் அவ்வசனத்தில் இல்லை. அல்வாஹ் என்றால் பலகைகள், அதில் ஐயமில்லை. துஸுர் என்பதற்கு ஆணிகள் என்று பொருள் கூறியே நாம் நெடுங்காலம் பாடம் நடத்தி வந்தோம். விரிவுரையாளர் பலரும் அப்பொருளையே முதன்மையாகக் கொள்கின்றனர். இமாம் தபரீ அவர்கள் கப்பலின் முகப்பு என்ற கருத்தையும் எடுத்துரைக்கிறார்கள். இப்னு மன்ஸூரின் 'லிஸானுல் அரப்' அகராதியோ, பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்று மற்றொரு பொருளையும் தருகிறது.

நாரால் கட்டிய கலம் கடலில் நிற்குமா என்று மாணவர் ஒருவர் ஒருநாள் வினவினார். அன்று நம்மிடம் தக்க விடை இருக்கவில்லை. பின்னர் பயண நூல்களை அந்நோக்குடன் மீண்டும் படித்தோம்.

1183-இல் செங்கடல் துறைமுகமாகிய ஐதாபைக் கண்ட இப்னு ஜுபைர், அங்குள்ள கலங்களில் ஆணியே இல்லை என்றும், தேங்காய் நாரைத் திரித்த கயிற்றால் அவை தைக்கப்பட்டுச் சுறா எண்ணெய் பூசப்பட்டன என்றும் எழுதுகிறார். 14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் வாழ்ந்த இப்னு பதூதா அதன் காரணத்தையும் விளக்குகிறார். ஆணி அறைந்த கலம் பாறையில் மோதினால் உடையும். தைத்த கலம் வளைந்து கொடுக்கும். அபூ ஸைத் ஸீராஃபீயோ, உமான் நாட்டார் தென்னை வளரும் தீவுகளுக்குச் சென்று, மரம், கயிறு, பாய் அனைத்தையும் தென்னையிலிருந்தே பெற்றுக் கப்பல் செய்து திரும்புவர் என்று குறிக்கிறார்.

இவை வெறும் கதையல்ல என்பதற்குக் கடலே சான்று தந்தது. 1998-இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே மூழ்கிக் கிடந்த கலமொன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்த ஏறத்தாழ 60,000 சீனப் பீங்கான் பொருள்களுள் ஒரு கிண்ணத்தில் கி.பி. 826-க்கு ஒப்பான ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது. அக்கலத்தின் பலகைகள் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன.

அதற்கு முன்னரே, டிம் செவரின் என்பார் உமானின் ஸூர் நகரில் தைத்த கப்பலொன்றைக் கட்டுவித்தார். மரம் மலபாரிலிருந்து வந்தது; தைத்தவர்கள் லட்சத்தீவினர். 'ஸுஹார்' எனப் பெயரிய அக்கப்பல் 1980 நவம்பரில் மஸ்கத்தை விட்டு, 1981 ஜூலையில் சீனத்துக் குவாங்சௌவை அடைந்தது. பெலித்துங் கலத்தின் அமைப்பை ஆராய்ந்து 'மஸ்கத்தின் மாணிக்கம்' என்னும் மற்றொரு கப்பலும் உமானில் உருவாயிற்று. முதலில் பலகைகளைத் தைத்து உடலை அமைத்து, அதன் பின்னரே உள்விலாக்களைப் பொருத்தினர். மூட்டுகளின் மீது நார்த்திணிப்பு வைத்து, துளைகள் வழியே கயிற்றைக் கோத்து, உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக இழுத்து இறுக்கினர். அடிப்பகுதிக்கு ஆட்டுக் கொழுப்பும் சுண்ணாம்பும் பூசினர். 2010 பிப்ரவரியில் புறப்பட்ட அக்கலம் கொச்சி, காலி வழியாகச் சென்று ஜூலையில் சிங்கப்பூரைச் சேர்ந்தது.

நம் சோழமண்டலக் கரையும் இக்கலைக்கு அந்நியமன்று. சென்னைக்குத் துறைமுகம் அமையுமுன், நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலை கடந்து கரை சேர்த்தவை கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே. இன்று நம் கரைகளில் பெரிதும் காணப்படுவன கண்ணாடியிழைப் படகுகள். அவற்றின் உடலில் பலகையுமில்லை, தையலுமில்லை. பிசினே இழையைப் பிணைக்கிறது. மீனவர்க்கு அவை நன்மையே செய்கின்றன. அதில் நமக்குக் குறையில்லை.

எனினும், தொழில் மறைந்தால் அதனோடு சொல்லின் பொருளும் மங்கிவிடுகிறது. கயிறு என்ற பொருளை அகராதி காத்து வைத்திருந்தது. அதை நாம் நம்பும்படி செய்தவர்கள் அரபு மொழியறியாத தச்சரும் கயிறு திரிப்போருமே. இப்பொழுது அவ்வசனம் வரும்போது இரு பொருள்களையும் மாணவர்க்குச் சொல்கிறோம். நபி நூஹ் (அலை) அவர்களின் கலத்தைப் பிணைத்தது ஆணியா, கயிறா என்பதை அல்லாஹ்வே நன்கறிவான். நாரால் கட்டிய கலம் கடலில் நிற்குமா என்று இனி எவரேனும் கேட்டால், நிற்கும் என்று தயங்காமல் விடை கூறுவோம்.