உத்திரமேரூர் குடவோலை: ஓட்டா, சீட்டா?

தேர்தல் தேதி அறிவித்தால் போதும், ஏதாவது ஒரு மேடையில் உத்திரமேரூர் வந்துவிடும். உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம், ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஓட்டுப் போட்டவர்கள் நாம் என்று பேச்சாளர் முழங்குவார், கைதட்டல் கிடைக்கும். 1948ல் அரசியல் நிர்ணய சபையில் டி.பிரகாசம் இந்தக் கல்வெட்டைப் பற்றிப் பேசினார். 2020 டிசம்பர் 10ம் தேதி புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் அடிக்கல் நாட்டு விழாவில் பிரதமர் மோடியும் பேசினார். பள்ளிக்கூடத்தில் இது ஒரு ஐந்து மார்க் கேள்வி. இவ்வளவு பேசப்படும் அந்தக் கல்வெட்டில் உண்மையில் என்னதான் இருக்கிறது?

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே சுமார் 30 கி.மீ. போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில்தான் அந்த எழுத்துகள் இருக்கின்றன. முதலாம் பராந்தக சோழனின் 12ம் ஆட்சியாண்டில் (கி.பி. 919) ஒன்று, 14ம் ஆட்சியாண்டில் (கி.பி. 921) இன்னொன்று. ஆக ஒரு கல்வெட்டு இல்லை, இரண்டு! இதை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் போட்டார்கள். சிறுவர் முதல் முதியவர் வரை மகாசபை கூடியிருக்கும். கோயில் நம்பிமார் எல்லோரும் அங்கே இருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஒரே ஒரு ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். கையில் வேறு ஓலை ஒளித்து வைத்திருக்கக்கூடாது அல்லவா? அவன் படித்த பெயரை நம்பிமார்களும் வாங்கி உரக்கப் படிப்பார்கள்.

இப்படி வந்த 30 பேரில் வயதும் அனுபவமும் உள்ள 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள்.

இதில் ஓட்டு எங்கே இருக்கிறது? இல்லவே இல்லை. இது சீட்டுக் குலுக்கல். யாரும் யாரையும் "தேர்ந்தெடுக்க"வில்லை, பிரச்சாரம் இல்லை, தோற்றவர் என்றும் யாரும் இல்லை. அதுமட்டுமல்ல, உத்திரமேரூர் அன்று ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். ஓலையில் பெயர் வர வேண்டுமென்றால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி எல்லாம் வேண்டும். (படிப்பு அதிகம் இருந்தால் நிலத்தில் கொஞ்சம் சலுகை உண்டு.) அந்த நிலத்தில் இறங்கி உழுதவன் பெயர் குடத்துக்குள் போகவில்லை. பெண்கள் பெயரும் போகவில்லை.

"உலகிலேயே முதல்" என்பதும் நிற்காது. ஏதென்ஸ் நகரத்தில் கி.மு. 5ம் நூற்றாண்டிலேயே 500 பேர் கொண்ட சபையைச் சீட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள். நம் ஊரிலும் குடவோலை பராந்தகன் காலத்துக்கு மிகவும் முந்தியது. அகநானூற்று 77ம் பாட்டில், போர்க்களத்தில் கழுகு பிணத்தின் குடலை இழுப்பதற்கு, கயிறு கட்டிய குடத்திலிருந்து ஓலை எடுப்பதுதான் உவமை. கொஞ்சம் கொடூரமான உவமைதான், ஆனால் கேட்பவருக்குப் பழகிய காட்சி என்பதால்தானே புலவர் அதைச் சொன்னார்!

அப்படியானால் பெருமைப்பட ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, மேடைகளில் சொல்லாத இடத்தில் இருக்கிறது.

919ல் ஒரு விதி செய்தார்கள். இரண்டே வருடத்தில், 921ல், அதைத் திருத்தி இன்னும் விரிவாக எழுதினார்கள். வயது வரம்பு 30-60 என்று இருந்தது 35-70 ஆனது. தீயவர் அழிந்து நல்லவர் வளர வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு என்று கல்வெட்டே சொல்கிறது. நடுவில் ஏதோ சரியாக நடக்கவில்லை என்று ஊகிப்பதில் தவறில்லை.

921ம் ஆண்டு விதிகளில் ஒன்றைப் பாருங்கள். முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் பெயர் குடத்தில் இடம்பெறக்கூடாது. அவன் மட்டும் இல்லை. அவனுடைய அப்பா, மகன், உடன்பிறந்தவன், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மைத்துனன், மருமகன், சகோதரி கணவன், சகோதரி மகன் என்று ஒரு பெரிய பட்டியல், அத்தனை பேரும் கூடாது. தான் நிற்க முடியாவிட்டால் மச்சானை நிறுத்துவது என்ற யோசனை அப்போதே இருந்திருக்கிறது போலும்! கணக்கை ஒழுங்காகக் கொடுத்தவரும் மூன்று வருடம் கழித்துத்தான் மறுபடி வர முடியும்.

கணக்கில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஏரியை நினைத்துப் பார்த்தால் புரியும். உத்திரமேரூரின் வைரமேகத் தடாகம் பல்லவர் காலத்து ஏரி. தூர் வாருவதற்கும் கரையைக் காப்பதற்கும் மக்கள் நிலமும் பொன்னும் தானம் கொடுத்தார்கள். அது ஏரி வாரியத்தின் பொறுப்பு. அந்த ஆறு பேர் பணத்தைச் சாப்பிட்டுவிட்டால் ஊருக்கு நெல் இல்லை. பொன்னின் தரம் பார்க்கத் தனியாகப் பொன் வாரியமே இருந்தது. ஏதென்ஸிலும் பதவி முடிந்ததும் கணக்கு ஒப்படைத்தே ஆக வேண்டும். சீட்டில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்றால் போகும்போது சோதித்தாக வேண்டும் என்ற எண்ணம் இரண்டு ஊரிலும் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் நான்கு சட்டமன்றத் தொகுதிகள்: ஆலந்தூர், ஸ்ரீபெரும்புதூர், உத்திரமேரூர், காஞ்சிபுரம். நிற்பதற்கு 25 வயது ஆகியிருந்தால் போதும், மேல் வரம்பு கிடையாது. நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம், ஆணாகவும் இருக்க வேண்டாம். பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூரால் நினைத்துப் பார்க்க முடியாத மாற்றம் இது. கணக்கு விஷயத்தில் 1951ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ பிரிவு உண்டு. தேர்தல் செலவுக் கணக்கை முறைப்படி தாக்கல் செய்யாமல், அதற்குச் சரியான காரணமும் காட்டாத வேட்பாளரைத் தேர்தல் ஆணையம் 3 ஆண்டுக்குத் தகுதி நீக்கம் செய்யலாம். அந்த 3 ஆண்டும் அவருடைய மைத்துனர் தாராளமாக நிற்கலாம்.