ஒரு சுவிட்ச் ஸ்கிரிப்டுக்கு உரை

மூலம் பத்து வரிகூட வராது. மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்சில் கேமராக்களுக்காக 30 என்ற எண்ணில் ஒரு வீலேனை உண்டாக்கி, மேல்தள சுவிட்சுக்குப் போகும் ட்ரங்க் போர்ட்டில் அதை அனுமதிப்பதுதான் அதன் வேலை. பைதானில், நெட்மிகோ என்ற லைப்ரரியைக் கொண்டு எழுதியது. வாய்விட்டுப் படித்தால் எப்படிக் கேட்குமோ அப்படியே வரிகளைத் தருகிறேன். மேற்கோள்குறி, அடைப்புக்குறி, அடிக்கோடுகளை விட்டுவிட்டேன்.

ஃப்ரம் நெட்மிகோ இம்போர்ட் கனெக்ட்ஹேண்ட்லர்

கர்க் பையர்ஸ் உருவாக்கிய லைப்ரரி நெட்மிகோ. அதற்கு அடியில் எஸ்எஸ்எச் இணைப்பைக் கவனித்துக்கொள்வது பாராமிகோ. பாராமிகோ இருக்கும்போது மேலே இன்னொன்று எதற்கு? சுவிட்சின் கட்டளைத் திரை மனிதர் பார்ப்பதற்காக வைத்தது. கட்டளை கொடுத்தால் எழுத்துகள் வந்துகொண்டே இருக்கும். பதில் எங்கே முடிகிறது என்று சுவிட்ச் தனியாகச் சொல்லாது. பெயரும் '#' குறியும் கொண்ட ப்ராம்ப்ட் திரும்ப வந்ததைக் கண்டு, உட்கார்ந்திருப்பவர் முடிந்தது என்று எடுத்துக்கொள்வார். அந்தக் கண்ணின் வேலையை நெட்மிகோ செய்கிறது. கீழே வரும் எல்லா வரிகளையும், ஆள் இல்லாத நாற்காலியில் ஓர் ஆள் இருப்பதாகச் சுவிட்சை நம்பவைக்கும் வரிகளாகவே படிக்க வேண்டும்.

டிவைஸ் டைப் சிஸ்கோ ஐஓஎஸ், ஹோஸ்ட் 192.0.2.10, யூசர்நேம் நெட்ஆப்ஸ், பாஸ்வேர்ட் கெட்பாஸ்

192.0.2 என்று தொடங்கும் முகவரிகள் எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. நிஜ சுவிட்சில் இருக்காது. கெட்பாஸ் இருப்பதால் ஸ்கிரிப்டை ஓட்டும்போதுதான் பாஸ்வேர்டைக் கேட்கும், கோப்பில் எழுதிவைக்க வேண்டியதில்லை. இதைச் செய்திருப்பதற்காகவே எழுதியவரைப் பாராட்டலாம். ஆனால் இந்த வரியின் உயிர் டிவைஸ் டைப்பில் இருக்கிறது. எந்த ப்ராம்ப்டை எதிர்பார்ப்பது, கான்ஃபிக் மோடுக்குள் எப்படி நுழைவது, எதைச் சொல்லிச் சேமிப்பது எல்லாம் அந்த ஒரு பெயரைப் பொறுத்தே அமைகின்றன.

வித் கனெக்ட்ஹேண்ட்லர் டிவைஸ் அஸ் சுவிட்ச்

லாகின் ஆனதும், நாம் கேட்காமலே சில வேலைகள் நடந்துவிடும். ஒன்று, 'டெர்மினல் லெங்த் 0'. இது இல்லையென்றால் நீளமான பதில் ஒரு திரையளவு வந்ததும் 'மோர்' என்று நின்று, ஸ்பேஸ் பாரைத் தட்டுவதற்காகக் காத்திருக்கும். தட்டத்தான் ஆள் இல்லையே. இன்னொன்று, வரிகள் மடியாமல் வரத் திரையின் அகலத்தைக் கூட்டுவது. பிறகு ப்ராம்ப்டைப் படித்து நினைவில் வைப்பது. 'வித்' எனத் தொடங்கியதால், உள்ளே பிழை நேர்ந்தாலும் இணைப்பு ஒழுங்காக மூடப்படும். ஒரு சுவிட்சில் ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் லாகின் ஆகலாம் என்ற வரம்பு உண்டு. மூடாமல் விட்ட இணைப்புகள் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டால், அவசரத்துக்கு ஓடிவரும் ஆளுக்கு இடம் கிடைக்காது.

முன் ஈக்வல்ஸ் சுவிட்ச் டாட் சென்ட் கமாண்ட் ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்

மாறிக்கு 'முன்' என்று தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறார். பைதான் 3 இதை ஏற்கும். கட்டளை கேள்வி மட்டும் கேட்கிறது, எதையும் மாற்றுவதில்லை. பதிலில் நான்கு பகுதிகள் இருக்கும்: எந்தெந்த போர்ட்டுகள் ட்ரங்க்காக நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் எந்த வீலேன்களுக்கு அனுமதி, அவற்றுள் எவை உண்மையில் உயிரோடு உள்ளன, எவற்றை ஸ்பானிங் ட்ரீ ஓடவிடுகிறது. கடைசி இரண்டும்தான் கீழே நமக்குத் தேவைப்படும்.

ப்ராம்ப்ட் பத்து வினாடிக்குள் வராவிட்டால், நெட்மிகோவின் நான்காம் பதிப்பு இயல்பாகவே பிழை என்று நின்றுவிடும். இந்தக் கட்டளைக்கு அது தாராளம். நடுவே சுவிட்ச் 'கன்ஃபர்ம்' என்று எதிர்க்கேள்வி போடும் கட்டளைகளில்தான் சிக்கல்: ப்ராம்ப்டுக்காக நெட்மிகோவும், பதிலுக்காக சுவிட்சும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். அத்தகைய இடங்களில் எந்தச் சொல்லுக்காகக் காத்திருப்பது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கட்டளைகள்: வீலேன் 30, நேம் கேமரா, இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈத்தர்நெட் 1/0/24, சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலௌட் வீலேன் ஆட் 30

முதல் இரண்டும் வீலேனை உண்டாக்கிப் பெயரிடுகின்றன. இவற்றை விட்டுவிட்டால் 30 அனுமதிப் பட்டியலில் இருக்கும், உயிரோடு இருக்கும் பட்டியலில் இருக்காது. மூன்றாவது, போர்ட்டைத் தேர்ந்தெடுக்கிறது.

நான்காவதில் இருக்கும் 'ஆட்'டுக்குத்தான் இந்த உரையே. அது இருந்தால், ஏற்கெனவே உள்ள பட்டியலோடு 30 சேரும். இல்லாவிட்டால், பட்டியல் முழுவதும் அழிந்து 30 மட்டும் நிற்கும். இரண்டும் ஐஓஎஸ் இலக்கணத்துக்கு உட்பட்ட, பிழையற்ற கட்டளைகள். சுவிட்ச் முணுமுணுப்புகூட இல்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஊழியர்களின் கணினிகளும் தொலைபேசிகளும் இருக்கும் வீலேன்கள் அந்தக் கணமே மேல்தளத்திலிருந்து துண்டிக்கப்படும். நாம் லாகின் ஆகியிருக்கும் வீலேனும் இதே போர்ட் வழியாகத்தான் வருகிறது என்றால், உட்கார்ந்த கிளையையே வெட்டியாயிற்று. வராத ப்ராம்ப்டுக்காகக் காத்திருந்துவிட்டு ஸ்கிரிப்ட் நின்றுபோகும். அப்புறம் யாராவது கன்சோல் கேபிளோடு மாடியேற வேண்டும்.

கையால் தட்டுகிறவரும் இதே தவறைச் செய்யலாம். ஆனால் முதல் சுவிட்சில் திரை உறைந்ததுமே கையை எடுத்துவிடுவார். நாற்பது முகவரிகளைச் சுற்றில் போட்டு, பிழை வந்தால் அடுத்ததற்குப் போ என்று எழுதிய ஸ்கிரிப்டுக்கு அந்தத் திடுக்கிடல் கிடையாது.

இதற்குச் சிலர் 'ரீலோட் இன் 10' என்று முதலில் சொல்லிவைப்பார்கள். ரத்து செய்யாவிட்டால் பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானே மறுபடி கிளம்பி, சேமித்திருந்த பழைய அமைப்புக்குத் திரும்பும். முரட்டு வைத்தியம், ஆனால் வேலை செய்யும். ஜூனிபர் சுவிட்சுகளில் 'கமிட் கன்ஃபர்ம்டு' இதையே மறுதுவக்கம் இல்லாமல் செய்கிறது: உறுதிசெய்யாத மாற்றம் இயல்பாகப் பத்து நிமிடத்தில் பின்வாங்கும். இந்த விஷயத்தில் நான் ஜூனிபர் கட்சி.

சுவிட்ச் டாட் சென்ட் கான்ஃபிக் செட் கட்டளைகள், எரர் பேட்டர்ன் % இன்வேலிட்

கேள்விக்கு 'சென்ட் கமாண்ட்', மாற்றத்துக்கு 'சென்ட் கான்ஃபிக் செட்' என்று லைப்ரரி பிரித்துவைத்திருக்கிறது. அமைப்பு வேறு, நடப்பு நிலை வேறு என்று தெளிவாகப் பிரிக்க வேண்டும் என்பது, 2003இல் ஆர்எஃப்சி 3535ஆக வெளிவந்த பட்டறை அறிக்கையில் நெட்வொர்க் நடத்துபவர்கள் வைத்த கோரிக்கைகளுள் ஒன்று. அந்த வழியில் 2006இல் நெட்கான்ஃப் நெறிமுறை பிறந்தது. அது வந்த பிறகும் திரையைப் படிக்கும் நெட்மிகோ ஓய்வு பெறவில்லை. பழைய சுவிட்சுகள் அலமாரியை விட்டு இறங்குவதில்லை.

எரர் பேட்டர்ன் தராவிட்டால், சுவிட்ச் எத்தனை முறை கட்டளை தவறு என்று சொன்னாலும் நெட்மிகோ கண்டுகொள்ளாமல் அடுத்த வரியை அனுப்பும். தந்தது நல்லது, போதாது. 'இன்கம்ப்ளீட்', 'ஆம்பிகுவஸ்' என்று வரும் பிழைகளும் உண்டு. இந்த வலையில் அவை சிக்கா. இன்னொன்று: ஐஓஎஸ் ஒவ்வொரு வரியையும் வந்தவுடனே நடைமுறைப்படுத்திவிடும். நான்காம் வரியில் பிழை என்று ஸ்கிரிப்ட் நின்றாலும் முதல் மூன்றும் நடந்தவை நடந்தவையே.

பின் ஈக்வல்ஸ் சுவிட்ச் டாட் சென்ட் கமாண்ட் ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க். இஃப் முன் நாட் ஈக்வல் பின், சுவிட்ச் டாட் சேவ் கான்ஃபிக்

சேமிப்பதைக் கடைசிக்குத் தள்ளிவைத்தது சரி. அதுவரை ட்ரங்க் பட்டியலின் மாற்றம் ஓடும் அமைப்பில் மட்டுமே இருக்கும். மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் பழைய பட்டியல் வந்துவிடும். நிபந்தனைதான் சரியில்லை. முன்னும் பின்னும் வேறாக இருந்தால் சேமி என்கிறது. 'ஆட்' விட்டுப்போய்ப் பட்டியல் அழிந்து, இணைப்பு மட்டும் எப்படியோ பிழைத்திருந்தால், அப்போதும் இரண்டும் வேறாகத்தான் இருக்கும். அழிவும் சேர்ந்தே சேமிக்கப்படும். கேட்க வேண்டியவை இரண்டு: 1/0/24இன் மூன்றாம் பகுதியில் 30 வந்திருக்கிறதா, முன்பு அங்கே இருந்த எண்கள் ஒன்றுவிடாமல் இருக்கின்றனவா. நான்காம் பகுதியையும் பார்க்க விரும்பினால் உடனே கேட்கக் கூடாது. பழைய ஸ்பானிங் ட்ரீ முறையில், புதிதாகச் சேர்ந்த வீலேன் ஓடத் தொடங்க 30 வினாடி ஆகும்; அதற்குள் கேட்டால் சரியான வேலையையும் தவறு என்று ஸ்கிரிப்ட் தள்ளிவிடும்.