கருப்பை வாய்: பெண் இனப்பெருக்க மண்டலத்தில் அதன் பணி என்ன? பரிசோதனை ஏன் அவசியம்?

புதுடெல்லி: கருப்பையில், அறுவை சிகிச்சையோ ஸ்கேன் கருவியோ இன்றி மருத்துவர் கண்ணால் நேரடியாகப் பார்க்கக்கூடிய பகுதி அதன் வாய் மட்டுமே. ஆயினும், இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாக ஏற்பட்டதாகவும், ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் உயிரிழந்ததாகவும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது.

உறுப்புகளும் பணிகளும்

பெண்ணின் உள் இனப்பெருக்க உறுப்புகள் இடுப்புக்கூட்டுக்குள் அமைந்துள்ளன. கருப்பையின் இருபுறமும் பாதாம் பருப்பின் வடிவில் உள்ள சினைப்பைகள், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களைச் சுரக்கின்றன. ஒவ்வொரு மாதவிடாய் சுழற்சியிலும் பொதுவாக ஒரு கருமுட்டை முதிர்ந்து வெளியேறுகிறது. அதனை ஏற்றுக்கொள்ளும் கருக்குழாயில்தான் விந்தணுவுடன் இணைவு நிகழ்கிறது.

பேரிக்காய் வடிவிலான கருப்பை, வளரும் கருவைத் தாங்குகிறது. கரு பதியாத மாதத்தில் அதன் உட்படலம் உதிர்ந்து மாதவிடாயாக வெளியேறுகிறது. கருப்பையின் குறுகிய கீழ்ப்பகுதியே கருப்பை வாய். சுமார் 3 செ.மீ. நீளமுள்ள இது கருப்பையை யோனியுடன் இணைக்கிறது.

வாயிற்காவலர்

கருப்பை வாயில் சுரக்கும் சளி போன்ற திரவம், கருமுட்டை வெளியேறும் நாட்களில் நீர்த்து விந்தணுவுக்கு வழிவிடுகிறது. மற்ற நாட்களில் கெட்டிப்பட்டுத் தடையாகிறது. கர்ப்ப காலத்தில் அடைப்பாகத் திரண்டு, கிருமிகள் கருப்பைக்குள் நுழையாமல் காக்கிறது. பிரசவத்தின்போது கருப்பை வாய் சுமார் 10 செ.மீ. அகலத்திற்கு விரிந்து குழந்தைக்கு வழிவிடுகிறது.

புற்றுநோய் தொடங்கும் இடம்

கருப்பை வாயின் உட்புறமும் வெளிப்புறமும் வெவ்வேறு வகை செல்களால் ஆனவை. பருவமடைதல், கர்ப்பம் போன்ற காலங்களில் இவ்விரண்டும் சந்திக்கும் பகுதியில் ஒருவகை செல் மற்றொன்றாக மாறுகிறது. ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் (ஹெச்பிவி) எளிதில் தொற்றுவது இப்பகுதியில்தான்.

பாலுறவின் வழியே பரவும் இத்தொற்று மிகப் பரவலானது. பெரும்பாலானோருக்குத் தானாகவே நீங்கிவிடும். நீங்காமல் நிலைத்திருந்தால், செல்கள் படிப்படியாக மாறிப் புற்றுநோயாவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இந்த நீண்ட இடைவெளியே நோயைத் தடுப்பதற்கான வாய்ப்பு.

எளிய பரிசோதனை

நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவினால், மாற்றமடைந்த பகுதி ஓரிரு நிமிடங்களில் வெண்மையாகத் தெரியும். இதற்கு ஆய்வகம் தேவையில்லை. மும்பை டாடா நினைவு மையம் 1998இல் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இச்சோதனையை மேற்கொண்டனர். 12 ஆண்டுகளில், பரிசோதிக்கப்பட்ட பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 31 சதவீதம் குறைந்தது.

மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி, 30 முதல் 65 வயது வரையிலான பெண்கள் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பாப் ஸ்மியர், ஹெச்பிவி டிஎன்ஏ சோதனைகளும் பயன்பாட்டில் உள்ளன. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் கண்டறியப்பட்டால், பெரும்பாலும் கருப்பையை அகற்றாமலேயே சிகிச்சை அளிக்க முடியும்.

தடுப்பூசியும் அறிகுறிகளும்

9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு ஹெச்பிவி தடுப்பூசி செலுத்த உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இந்தியாவிலேயே தயாரான 'செர்வாவாக்' தடுப்பூசி 2023ஆம் ஆண்டு ஜனவரியில் அறிமுகமானது. எல்லா ஹெச்பிவி வகைகளையும் தடுப்பூசி தடுப்பதில்லை என்பதால், அதனைச் செலுத்திக்கொண்டவர்களுக்கும் உரிய வயதில் பரிசோதனை அவசியம்.

மாதவிடாய்களுக்கு இடையிலோ, உடலுறவுக்குப் பின்போ, மாதவிடாய் முற்றிலும் நின்ற பின்போ இரத்தப்போக்கு ஏற்பட்டாலும், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தாலும் மருத்துவரை அணுக வேண்டும். தொடக்க நிலையில் இந்நோய் பெரும்பாலும் எவ்வித அறிகுறியையும் காட்டுவதில்லை. எனவே, அறிகுறிகள் தோன்றும்வரை காத்திராமல் பரிசோதனை செய்துகொள்வதே பாதுகாப்பானது.