கடற்கரை வெள்ளை வளைவு

ஆண்டுதோறும் நம் பங்கிலிருந்து பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்துக்குத் திருயாத்திரை செல்கிறோம். காவி உடுத்தி நடந்தே செல்வோரும் உண்டு. திருப்பலி முடிந்ததும் பிள்ளைகள் மணலுக்கு ஓடிவிடுவார்கள். அங்கே ஒரு வெள்ளை வளைவு நிற்கிறது. அதன் நிழலில் அமர்ந்து, மந்தாரை இலையில் கட்டிய இட்லியைப் பிரித்து உண்டவர்கள் நம்மிடையே பலர். அது யாருக்காக எழுப்பப்பட்டது என்று நாமும் நெடுங்காலம் கேட்டதில்லை.

1930-ஆம் ஆண்டு டிசம்பர் 30. கிறிஸ்து பிறப்பு விழா முடிந்து ஐந்தாம் நாள். எலியட்ஸ் கடற்கரையில் குளித்துக்கொண்டிருந்தவர்களை அலை இழுத்தது. டென்மார்க் நாட்டு மாலுமி என்று அறியப்படும் ஷ்மிட் என்பவர் அவர்களைக் காக்கத் துணிந்து நீரில் இறங்கினார். அவர் கரை திரும்பவில்லை. கார்ல் என்றும் காய் என்றும் அவர் பெயரை இருவிதமாகச் சொல்கிறார்கள். பிறர் உயிரைக் காக்கத் துணைநின்று, இவ்விடத்தருகே மூழ்கி இறந்தவரின் வீரத்துக்கு நினைவாக எழுப்பப்பட்டது என்பதே கல்வெட்டின் பொருள்.

காப்பாற்றப்பட்ட பெண் அன்றிரவே விருந்தொன்றில் மகிழ்ந்திருந்தாள், அதைக் கண்டு மனம் நொந்த கவர்னர்தான் இதைக் கட்டச் சொன்னார் என்று ஒரு கதை உலவுகிறது. அது வெறும் செவிவழிக் கதை. முகமறியாத ஒருத்தியை நன்றி கெட்டவளாக்கினால்தான் இந்தத் தியாகம் பெரிதாகுமா என்ன?

ஏரியும் குளமும் கண்டு வளர்ந்த நமக்குத் தறி தெரியும், கடல் தெரியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சோழமண்டலக் கடல் சீறும். கரையில் வந்து குவியும் நீர், ஒடுக்கமான ஒரு வழியாக மீண்டும் ஆழத்துக்குப் பாய்கிறது. மேலே அமைதியாகத் தோன்றும் அந்த இடமே ஆளை இழுக்கும். அதை எதிர்த்து நீந்தினால் தேர்ந்த நீச்சல்காரனும் களைத்துப்போவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தியே வெளியேற வேண்டும்.

வேளாங்கண்ணி மரபை நாமெல்லாரும் அறிவோம். 17-ஆம் நூற்றாண்டில் புயலில் சிக்கிய போர்ச்சுகீசிய மாலுமிகள் அன்னையிடம் நேர்ந்துகொண்டு, செப்டம்பர் 8-ஆம் நாள் கரை சேர்ந்து, நன்றியாகக் கோயில் எழுப்பினார்கள். கடல் திருப்பித் தந்தவர்கள் கட்டியது அது. கடல் திருப்பித் தராத ஒருவருக்காக எழுந்தது இந்த வளைவு. பெசன்ட் நகர்த் திருத்தலம் 1972-இல்தான் தோன்றியது; வளைவு அதற்கு வெகு காலம் முந்தியது. பல ஆண்டுகள் காரை பெயர்ந்து, கிறுக்கல்கள் நிறைந்து கிடந்தது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோதும் வீழவில்லை. பின்னர் மாநகராட்சி புதுப்பித்தது.

அவர் எந்தச் சபையார் என்று நம்மில் ஒருவர் கேட்டார். டென்மார்க் லூத்தரன் நாடு. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியை ஆண்டவர்களும் அந்நாட்டவரே. ஆயினும் நீரில் குதிக்கும்முன் அவர் யாருடைய சபையையும் கேட்டிருக்கமாட்டார். பிறருக்காக உயிரைத் தருவது பற்றி ஆண்டவர் இராவுணவு வேளையில் உரைத்ததை நாம் ஒவ்வொரு பாஸ்கா காலத்திலும் கேட்கிறோமே!

இவ்வாண்டு முதல் டிசம்பர் 30 காலைத் திருப்பலியில் அவரையும் இறந்தோர் கருத்துகளில் சேர்க்குமாறு பங்குச் சுவாமியை வேண்டியிருக்கிறோம். செப்டம்பரில் பேருந்தை விட்டு இறங்கியதும் பிள்ளைகளை முதலில் அந்தக் கல்லிடம் அழைத்துச் சென்று வாசிக்கச் செய்வோம். அலையில் கால் நனைப்பது அதன் பிறகு, பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு.