பச்சை உடம்புக்காரி ஏன் அழறா?

எங்க ஆனையூர்ப் பக்கம் பிள்ளை பெத்தவ காரணமில்லாம அழுதா, 'காத்துக் கருப்பு'ன்னு வேப்பிலை அடிக்கிறவங்க உண்டு. பொட்டி தட்டுற நான் தேடிப் படிச்சதுல கிடைச்ச வரலாறு வேற, மக்களே.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கணியம்பாடி கிராமங்கள்ல கர்ப்பிணிகளைப் பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் சந்திச்சு, 2002-ல ஆய்வு வெளியிட்டாங்க. 11 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்கப்புறம் புதுசா மனச்சோர்வு. பின்னணி? வறுமை, பையனை எதிர்பார்த்த வீட்ல பொண்ணு, மாமியார் மனஸ்தாபம், ஒத்தாசைக்கு ஆளில்லாமை. பேய் எங்கயும் இல்லை!

தீர்வு? பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்கள்ல, சுகாதாரப் பணிப்பெண்களுக்கே பேச்சு சிகிச்சை பழக்கி, மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகள் வீட்டுக்கு அனுப்பினார் அதிஃப் ரஹ்மான். 2008-ல வந்த முடிவு: பிள்ளைக்கு ஆறு மாசமாகும்போது 23 சதவீதத் தாய்மாருக்குத்தான் மனச்சோர்வு. அந்தப் பயிற்சியில்லாதவங்க வந்துபோன வீடுகள்ல 53!

நம்மூர்லயும் செவிலியர் வீடு தேடி வர்றாங்க. பிள்ளை எடையோட தாயின் மனசையும் விசாரிக்கப் பழக்கினா போதுமே?