மாதிரிக் கப்பலின் மரச் சிற்பங்கள்

சுண்டுவிரல் நீளமே உள்ள ஒரு மரத்துண்டு. அதில் பிடரி மயிர் சுருள்சுருளாகப் புரள, வாய் திறந்து பாயும் ஒரு சிங்கம். சுருளின் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. இச்சிங்கம் எதற்காகச் செதுக்கப்பட்டது தெரியுமா? மேசைமேல் வைக்கும் ஒரு மாதிரிக் கப்பலின் முன்முனையை அணிசெய்வதற்காக! இது வெறும் விளையாட்டுப் பொருள் அன்று. மறைந்துபோன கப்பல்களைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பலவும் இத்தகைய சிறு சிற்பங்களில்தான் தங்கியிருக்கின்றன. அந்த வரலாற்றையும், அதனுள் ஒளிந்திருக்கும் அறிவியலையும் பார்ப்போம்.

மிதக்கும் மாளிகைகள்

17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரசர்களுக்குப் போர்க்கப்பல் ஓர் ஆயுதம் மட்டுமன்று. தம் பெருமையைப் பறைசாற்றும் மாளிகையும் ஆகும். முன்புறத்தில் சிங்கம், பின்புறத்தில் அரச சின்னம், பக்கங்களில் வீரர்களும் தேவதைகளும் என்று கப்பல் முழுவதும் சிற்பங்கள் நிறைந்திருக்கும். 1637-இல் இங்கிலாந்தில் நீரில் இறக்கப்பட்ட ‘சாவரின் ஆஃப் தி சீஸ்’ என்ற கப்பலின் சிற்பங்களுக்கும் பொற்பூச்சுக்கும் மட்டும் 6,691 பவுன் செலவாயிற்று. கப்பலின் மொத்தச் செலவில் இது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அக்கப்பல் இன்று இல்லை, 1696-இல் தீக்கிரையாயிற்று.

மரக்கப்பலின் ஆயுள் குறுகியது. போரில் அழியும், எரியும், புயலில் உடையும், இல்லையேல் உளுத்துப் போகும். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரிக் கப்பல் முந்நூறு ஆண்டுகளானாலும் நிற்கிறது. 1670-இல் கட்டி முடிக்கப்பட்ட ‘பிரின்ஸ்’ என்ற 100 பீரங்கிக் கப்பல் என்றோ மறைந்துவிட்டது. அதன் மாதிரியோ லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இன்றும் இருக்கிறது.

இவ்வகை மாதிரிகளைக் ‘கடற்படை வாரிய மாதிரிகள்’ என்பர். உண்மைக் கப்பலின் 48 அடி நீளம் மாதிரியில் ஓர் அடி. அதாவது, நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. அடிப்பகுதியில் பலகை வேயாமல், விலா எலும்புகள் போன்ற சட்டங்கள் வெளியே தெரியும்படி விட்டிருப்பார்கள். கப்பலின் உள்ளமைப்பு ஒரே பார்வையில் விளங்கும். இவற்றுள் மிகப் பெரிய தொகுப்பு லண்டனின் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஓக் மரம் ஏன் உதவாது?

உண்மைக் கப்பல் ஓக் மரத்தால் ஆனது. அதன் மாதிரியையும் ஓக் மரத்திலேயே செதுக்கினால் என்ன? ஒரு சிறு கணக்குப் போட்டால் விடை கிடைத்துவிடும்.

ஆறடி உயரமுள்ள ஒரு வீரனின் சிற்பத்தை 48-ஆல் வகுத்தால் உயரம் சுமார் 3.8 செ.மீ. அவன் முகம் 5 மி.மீ. கண்ணோ 0.6 மி.மீ.தான். ஓக் மரத்தை வெட்டி உருப்பெருக்காடியில் பாருங்கள். நீரைக் கடத்தும் சைலக்குழாய்களின் வாய்கள் சிறு துளைகளாகத் தெரியும். இளவேனிலில் உண்டாகும் குழாய்களின் விட்டம் 0.3 மி.மீ. அளவில் இருக்கும். வீரனின் கண்ணில் இது பாதி! கண் செதுக்க வேண்டிய இடத்தில் இயற்கையே ஒரு குழியைத் தோண்டி வைத்திருந்தால் சிற்பி என்ன செய்வான்?

எல்லாவற்றையும் சுருக்கலாம், மரத்தின் உயிரணுவைச் சுருக்க முடியாது. எனவே, இயற்கையிலேயே நுண்ணிய குழாய்களையுடைய மரத்தைத் தேட வேண்டும். அப்படிக் கிடைத்தவைதாம் பேரி மரமும் பாக்ஸ் மரமும். பாக்ஸ் மரத்தின் குழாய்கள் ஓக் மரத்தினவற்றைவிடப் பத்து மடங்கு சிறியவை. மரம் முழுவதும் சீராகப் பரவியும் இருக்கின்றன. மிக மெதுவாக வளர்வதால் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக அமைகின்றன. மரம் அவ்வளவு கனமானது. பச்சைத் துண்டை நீரில் இட்டால் மூழ்கிவிடும். உளியின் கீறல் எங்கு விழுகிறதோ அங்கேயே நிற்கும், விளிம்பு உதிராது. 19-ஆம் நூற்றாண்டில் புத்தகப் படங்களை அச்சிட மரக்கட்டையில் கோடு செதுக்கியவர்கள் இம்மரத்தையே நாடியதற்கும் இதுவே காரணம்.

வார்ப்பில் செய்தால் என்ன?

“ஒரு முறை அச்சு எடுத்து, ஈயத்தை உருக்கி ஊற்றினால் வேலை எளிதாயிற்றே” என்று உங்களுக்குத் தோன்றலாம். பலர் அப்படியும் செய்தார்கள். சில பத்தாண்டுகள் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது, ஈய உருவங்கள்மீது வெள்ளைப் பொடி பூத்திருந்தது. மரம் தன்னிடமிருந்து சிறிது சிறிதாக அசெட்டிக் அமில ஆவியை வெளிவிடுகிறது. காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் அது தேங்கி ஈயத்தைத் தாக்குகிறது. பிறகு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் ஈரமும் சேர்ந்து அதைக் கார்பனேட்டாக மாற்றிவிடுகின்றன. மாதிரிக்குப் பாதுகாப்பாக அமைத்த பெட்டியே ஈயத்துக்கு எமனாகிறது. கையால் செதுக்கிய மரச் சிற்பத்துக்கு இந்த அபாயம் இல்லை.

செதுக்கும் முறை

முதலில், சிற்பத்தின் உருவத்தை அளவு குறைத்து வரைய வேண்டும். பிறகு மரத்துண்டை ஒரு தடித்த கட்டைமேல் ஒட்டுவார்கள். இடையில் ஒரு தாளை வைத்து ஒட்டுவது பழைய தந்திரம். வேலை முடிந்ததும் மெல்லிய கத்தியைச் செலுத்தினால் தாள் இரண்டாகப் பிரியும். சிற்பத்துக்குச் சேதம் வராது.

சிறு நகவுளியால் பெரிய மேடு பள்ளங்களை முதலில் எடுக்க வேண்டும். மூக்கு, விரல் முதலியவை பின்னால்தான். நீட்டிய கையை உடலோடு சேர்ந்த மரத்தில் செதுக்கும்போது, மரத்தின் நார் கையின் நீளவாக்கில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். நார் குறுக்கே ஓடினால், ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கை பெருமூச்சுப் பட்டாலே ஒடிந்துவிடும். இன்றைய சிற்பிகள் தையல் ஊசியைத் தீட்டி உளியாக்கிக் கொள்வதுண்டு. பல் மருத்துவரின் துருவு முனைகளையும் பயன்படுத்துகிறார்கள்.

எவ்வளவு நுணுக்கம் போதும்? இதற்கும் இயற்கை ஓர் எல்லை வகுத்திருக்கிறது. ஓர் அடி தொலைவில் வைத்த பொருளில் நம் கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவு சுமார் 0.1 மி.மீ. இது உண்மைக் கப்பலில் 5 மி.மீ. அளவுக்குச் சமம். அதைவிடச் சிறிய கோடுகளைச் செதுக்கினாலும் யார் கண்ணுக்கும் தெரியா. ஆகவே தேர்ந்த சிற்பி சிலவற்றை விட்டுவிடுகிறான்; நிழல் விழவேண்டிய பள்ளங்களைச் சற்று ஆழமாக்குகிறான். அப்போதுதான் முகம் முகமாகத் தெரியும்.

சிற்பம் சொல்லும் சாட்சி

பல மாதிரிகளில் கப்பலின் பெயர் இல்லை, ஆண்டும் இல்லை. அவற்றின் காலத்தைக் கண்டுபிடிக்கச் சிற்பமே துணை. மூன்றாம் வில்லியத்தின் அரச சின்னத்தின் நடுவில் அவரது நாசோ குலத்தின் சிறு சிங்கம் இருக்கும். 1707-இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இணைந்தபோது சின்னத்தின் அமைப்பே மாறிற்று. கட்டைவிரல் நகமளவே உள்ள கேடயத்தில் இவ்வேறுபாடு தெரிந்தால், மாதிரியின் காலத்தைச் சில ஆண்டுகளுக்குள் அடக்கிவிடலாம். உடைந்த சிற்பத்தை அழகுக்காகத் தம் மனம்போல் புதுப்பிப்பவர் ஒரு சாட்சியின் வாயை அடைக்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

சுவீடனின் ‘வாசா’ கப்பல் இதற்கு நேர்மாறான கதை. 1628 ஆகஸ்ட் 10-ஆம் நாள், முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கியது. பால்டிக் கடலில் உப்பு குறைவு. மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு அங்கு வாழ்வதில்லை. எனவே 1961-இல் மேலே எடுத்தபோது கப்பல் ஏறக்குறைய முழுமையாக இருந்தது. ஆனால் சிற்பங்களைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் துருப்பிடித்துக் கரைந்துவிட்டதால், நூற்றுக்கணக்கான சிற்பங்கள் சேற்றில் உதிர்ந்து கிடந்தன. அவற்றைத் தேடியெடுத்து, உரிய இடம் கண்டு பொருத்தினர். மரத்தில் ஒட்டியிருந்த வண்ணத் துகள்களை ஆராய்ந்து, பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு மாதிரியும் செய்தனர். கறுத்துப்போன உண்மைக் கப்பலின் அருகில், பளிச்சிடும் வண்ணங்களோடு அது நிற்கிறது. கப்பல் சொல்ல மறந்ததை மாதிரி சொல்கிறது.

சிறைக்குள் ஒரு கலை

கப்பல் சிற்பங்களின் செலவைக் குறைக்க 1703-இல் இங்கிலாந்துக் கடற்படை உத்தரவிட்டது. 1796-இல் பெரும்பாலான கப்பல்களில் அவற்றைக் கைவிடவே சொல்லிற்று. ஏறத்தாழ அதே காலத்தில், பீட்டர்பரோ அருகே நார்மன் கிராஸ் சிறைமுகாமில் இக்கலை வேறு வடிவில் தழைத்தது. 1797 முதல் 1814 வரை அங்கு அடைபட்டிருந்த பிரெஞ்சுப் போர்க்கைதிகள், உணவில் மிஞ்சிய எலும்புகளையும் மரத்துண்டுகளையும் கொண்டு மாதிரிக் கப்பல்கள் செய்தனர். சிறைவாயிலில் கூடும் சந்தையில் அவற்றை விற்றுக் காசாக்கினர். வரைபடம் இல்லாமல் செய்ததால் அளவுகள் பிசகியிருக்கும். ஆயினும் முன்முனையில் நிற்கும் சிற்றுருவங்களின் நேர்த்தி வியக்கத்தக்கது. அவற்றைச் செய்த பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது.

இன்று இக்கலைக்கு வேறொரு கவலை வந்திருக்கிறது. கிழக்காசியாவைச் சேர்ந்த ஓர் அந்துப்பூச்சி 2007-இல் ஜெர்மனியில் காணப்பட்டது. அதன் புழுக்கள் பாக்ஸ் மரத்தின் இலைகளைத் தின்று, ஐரோப்பாவிலும் காக்கசஸ் மலைப்பகுதியிலும் இயற்கையாக வளர்ந்த பாக்ஸ் மரக்காடுகளை மொட்டையாக்கியிருக்கின்றன. நூறாண்டு வளர்ந்தும் கைப்பிடி அளவே பருக்கும் மரத்தை இழந்தால் மீட்க எத்தனை தலைமுறை வேண்டும்!

நீங்களும் முயன்று பார்க்கலாம். ஒரு சாக்குக்கட்டியை எடுத்து, குண்டூசியால் 5 மி.மீ. அளவில் ஒரு முகம் செதுக்குங்கள். பிறகு அதே முகத்தை ஒரு மரத்துண்டில் செதுக்குங்கள். சாக்குக்கட்டிக்கு நார் இல்லை, மரத்துக்கு உண்டு. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை உங்கள் விரல்களே உங்களுக்குச் சொல்லும்.